விழுந்த சோளத்தின் எடை

செந்துறைப் பக்கம் ஓர் ஊரில் என்னை இன்றைக்கும் 'எடையைக் கூட்டி எழுதின அம்மா' என்றுதான் சொல்கிறார்கள். ஊரின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதில் வரும் பெண்ணின் பெயரையும் மாற்றித்தான் எழுதுகிறேன். பணி ஓய்வு பெற்று ஐந்து வருடம் தாண்டிவிட்டது. இருந்தும் அந்த வழியாகப் போகிற பஸ்ஸில் ஜன்னலோரம் காலியாக இருந்தாலும் நான் உட்காருவதில்லை. வீரமான பெண் என்று எங்கள் ஆபீஸில் எனக்குப் பெயர் உண்டு. அந்த வீரம் எல்லாம் அந்த ஊர் பஸ் நிறுத்தத்துக்கு முன்னாலேயே இறங்கிவிடும்.

இந்த ஐப்பசியிலும் ஒரு சாயங்காலம் சூறைக்காற்று அடித்து மக்காச்சோளம் சாய்ந்தது. அறுவடை சமயத்தில், என் இடத்துக்கு வந்திருக்கும் பெண் அலுவலர் வயலில் நின்றபடியே போன் செய்தார்.

"மேடம், கயிறு கட்டிட்டோம். உள்ள இருக்கற சோளத்தட்டையெல்லாம் வெளிய சாஞ்சு கெடக்கு. வெளிய இருந்தது உள்ள வந்து விழுந்து கெடக்கு. எதை ஒடிக்கிறது?"

"வேரைப் பாரும்மா. வேர் கயித்துக்கு உள்ள இருந்தா, கதிர் காசியில கெடந்தாலும் நம்ம கணக்கு. வேர் வெளிய இருந்தா, கதிர் உன் மடியில விழுந்தாலும் தொடாத."

சிரித்தார். "இதையெல்லாம் எழுதி வைங்க மேடம். ஆப்புல இது இல்ல" என்றார். இப்போது எல்லாவற்றையும் கைபேசியில் படம் பிடித்து, இடக்குறிப்போடு ஏற்றிவிடுகிறார்கள். நல்லதுதான். எங்கள் காலத்தில் ஒரு கயிறு, நான்கு முளைக்குச்சி, ஒரு தராசு, ஒரு படிவம், அவ்வளவுதான். சரி, எழுதி வைப்போம் என்று உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் பேனா அந்த ஊருக்கே போய் நிற்கிறது.

நான் புள்ளியியல் துறையில் முப்பது வருடத்துக்கு மேல் வேலை பார்த்தவள். என் அம்மா அரியலூர்ப் பக்கம் கூலிக்குக் கதிர் ஒடித்தவர். எங்களுக்கென்று கையகல நிலம்கூடக் கிடையாது. அதனால்தானோ என்னவோ, அடுத்தவர் நிலத்தில் விளைந்ததை எடை போடுகிற வேலைக்குப் பரீட்சை எழுதித் தேறினேன். திருச்சியில் சில வாரம் பயிற்சி கொடுத்தார்கள். வகுப்பில் படித்ததை விட, அம்மா சொல்லிக் கேட்டதுதான் வயலில் எனக்குக் கைகொடுத்தது.

வேலை இதுதான். ஒரு ஊரில் என்ன விளைந்தது என்று பார்க்க எல்லா வயலையும் அறுத்துப் பார்க்க முடியாது. ஆகவே விதைப்பு முடிந்ததுமே குலுக்கல் மாதிரி எண்களைப் போட்டு நான்கு வயல்களைத் தேர்ந்தெடுத்துவிடுவோம். அறுவடை நாளில் அந்த வயலுக்குப் போய், தென்மேற்கு மூலையில், ஜனங்கள் கன்னிமூலை என்பார்களே, அங்கே நின்றுகொள்ள வேண்டும். படிவத்தில் முன்கூட்டியே கொடுத்த எண்ணுக்கு நீளவாக்கில் இத்தனை மீட்டர், அகலவாக்கில் இத்தனை மீட்டர் நடந்து போய் முளை அடிக்க வேண்டும். அந்த முளையிலிருந்து ஐந்துக்கு ஐந்து மீட்டர் சதுரம். அதற்குள் வேர் விட்ட பயிரை மட்டும் ஒடித்து, உரித்து, மணியை உதிர்த்து எடை போட வேண்டும். நான்கு வயல்களின் சராசரி பழைய விளைச்சலை விட நன்றாகக் குறைந்திருந்தால் ஊர் முழுவதற்கும் பயிர்க் காப்பீடு கிடைக்கும். குறையவில்லை என்றால் ஒருவருக்கும் கிடையாது.

அந்தச் சதுரம் எங்கே விழும் என்பது நம் கையில் இல்லை. விளைந்த இடத்திலும் விழும், வெறும் களரிலும் விழும். விழுந்த இடத்தை நகர்த்தக் கூடாது. இந்த ஒன்றைத்தான் வேதாசலம் சார் எங்களுக்குப் படித்துப் படித்துச் சொல்வார்.

சார் எங்கள் மேலதிகாரி. ஒல்லியான மனிதர். ஆபீஸ் கயிற்றை நம்ப மாட்டார். பனியில் நனைந்தால் கயிறு இழுபடும், இழுபட்டால் சதுரம் பெரிதாகும், சதுரம் பெரிதானால் எடை கூடும், எடை கூடினால் ஊர் பட்டினி என்பார். தன் பையிலேயே இரும்பு அளவுச் சங்கிலி ஒன்று வைத்திருப்பார். யாருடைய நிலமானாலும் வரப்பிலேயே செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே இறங்குவார். எடை போட்டு முடிக்கும் வரை அந்த வீட்டில் ஒரு வாய் தண்ணீர்கூடக் குடிக்க மாட்டார். சித்திரை வெயிலாக இருந்தாலும் சரி. நாங்களும் குடிக்க முடியாது. அந்த ஒரு விஷயத்தில் அவரை மனதுக்குள் வெகுவாகத் திட்டியிருக்கிறேன்.

அழுகிறவர்களிடம் ஆறுதல் சொல்ல மாட்டார். கோபப்படுகிறவர்களிடம் விளக்கம் சொல்ல மாட்டார். "எடை போடுவோம்" என்பார். அவர் வாயிலிருந்து நான் அதிகம் கேட்ட சொல் அதுதான்.

அந்த ஊர் விவகாரம் நடந்த வருடம் ஆடியிலேயே மழை பெய்து, சோளம் முன்கூட்டி விதைத்திருந்தார்கள். ஐப்பசி பிறந்து சில நாள் இருக்கும். எல்லோரும் கிழக்கே கடல் பக்கத்து மழையை எதிர்பார்த்துக்கொண்டிருந்தார்கள். இது மேற்கே பெரம்பலூர்ப் பக்கமிருந்து வந்தது. நான்கு மணிக்கு வானம் நீலம் பாரித்தது. முதலில் ஒரு குளிர்ந்த காற்று வந்தது. "அப்பாடா" என்று நாங்கள் ஆபீஸ் ஜன்னலைத் திறந்து வைத்தோம். சற்று நேரத்தில் அதே ஜன்னலை மூன்று பேர் சேர்ந்து தள்ளியும் சாத்த முடியவில்லை. மழை அதற்குப் பிறகுதான் வந்தது. இடிமேகத்துக்குள் குளிர்ந்த காற்று மொத்தமாகக் கீழே இறங்கித் தரையில் மோதி, மழைக்கு முந்திக்கொண்டு ஓடி வரும் என்று வானிலை ஆபீஸ்காரர் ஒருவர் பிறகு சொன்னார். குடத்துத் தண்ணீரைத் தரையில் கொட்டினால் பரவுகிற மாதிரியாம்.

மறுநாளிலிருந்து ஒவ்வொரு ஊராகப் போய்ப் பார்த்தேன். அந்த ஊரில்தான் அடி பலம். பால் பிடிக்கும் பருவத்தில் இருந்த சோளம் எல்லாம் வேரோடு பெயர்ந்து கிழக்கே தலை வைத்துக் கிடந்தது. மழையிலோ வெள்ளத்திலோ போனால் வயல்வாரியாகத் தனியே விண்ணப்பம் போடலாம். எங்கள் படிவத்தில் காற்றுக்கென்று ஒரு கட்டம் அன்று இல்லை. ஊரின் கதி அந்த நான்கு வயல்கள் கையில்.

நான்கில் மூன்று விழுந்துவிட்டன. நான்காவது நின்றது. அது தனக்கோடி என்கிற அம்மாளின் முக்கால் ஏக்கர். மேற்கே பழைய சுண்ணாம்புக்கல் குழியில் தோண்டிப் போட்ட மண், இரண்டு பனை உயரத்துக்கு மேடாகக் கிடந்தது. அந்த மேட்டுத் தூசி கதிரில் படிகிறது என்று அவர் கணவர் அலையாத ஆபீஸ் இல்லை. அந்த மேடுதான் காற்றை மறித்து அவர் சோளத்தை மட்டும் காப்பாற்றிவிட்டது. ஊரில் பத்தில் ஒன்பது பங்குக்கு மேல் படுத்துக் கிடக்க, நடுவில் அது மட்டும் கரும்பச்சையாக நின்றது. பார்க்கவே எனக்குச் சங்கடமாக இருந்தது. அந்த அம்மாளுக்கு எப்படி இருந்திருக்கும்!

டீக்கடை முன்னால் பத்துப் பதினைந்து பேர் என்னைச் சூழ்ந்துகொண்டார்கள். ஊரில் பெரியவரான ஒருவர்தான் பேசினார்.

"மேடம், நாலுல மூணு போயிருச்சு. அந்த ஒண்ணு நிக்குது. அது எங்க எல்லாரையும் கவுத்துரும். வேற நம்பரு போடுங்க."

"விதைச்சப்பவே போட்ட நம்பருங்க. மாத்த முடியாது."

"ஊரே கெடக்கையில ஒத்தக் காட்டப் பாத்தா எழுதுவீங்க?"

"நின்னா நின்னதுன்னு எழுதுவேன். விழுந்தா விழுந்ததுன்னு எழுதுவேன். நான் என்னங்க பண்றது?"

பேச்சை முடிப்பதற்காகச் சொன்னேன். கொஞ்சம் அசட்டுத்தனமாகவே சொன்னேன். தனக்கோடி கூட்டத்துக்குப் பின்னால் கையில் பால் தூக்கோடு நின்றதைப் பிறகுதான் பார்த்தேன். ஐம்பது வயது இருக்கும். கணவர் ஆலத்தியூர்ப் பக்கம் சிமெண்ட் ஆலைக்கு வேலைக்குப் போகிறவர். ஒரு பெண்மணி அவர் காதில் விழும்படி, "சிலரு காட்டுக்கு மட்டும் சாமி தனியா கொடை புடிக்குது" என்றார். தனக்கோடி பால் தூக்கை மறு கைக்கு மாற்றிக்கொண்டு நடந்தார். அன்றைக்கு அவரோடு யாரும் சேர்ந்து நடக்கவில்லை என்பதை மட்டும் கவனித்தேன்.

மார்கழியில் அறுவடைக்குத் தேதி குறித்துச் சொல்லி அனுப்பினேன். சாரும் மேற்பார்வைக்கு வந்தார். காப்பீட்டுக் கம்பெனியிலிருந்து ஒருவர் வெள்ளைச் சட்டையில் வந்திருந்தார். முதல் மூன்று வயலும் இரண்டு நாளில் முடிந்திருந்தன. எடை பரிதாபம். பாதிக் கதிரில் மணியே பிடிக்கவில்லை. மீதியை எலி தின்றிருந்தது. மூன்றாம் நாள் காலை தனக்கோடியின் வயலுக்குப் போனோம். வரப்பு நெடுக ஜனம்.

வயலில் ஒரு தட்டைகூட நிற்கவில்லை. எல்லாம் விழுந்து கிடந்தன.

நான் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இறங்கினேன். இறங்கி நாலு அடி வைத்ததும் விஷயம் புரிந்துவிட்டது. பச்சையாக இருக்கும்போது விழுந்த சோளம் சும்மா கிடக்காது. இரண்டு மூன்று நாளில் வெயிலைத் தேடித் தலையைத் தூக்கும். தரையோடு கிடக்கிற தட்டை நடுவில் முழங்கை மாதிரி மடங்கி, நுனி மட்டும் மேலே பார்த்து நிற்கும். 'படுத்தவன் எழுந்திருக்கப் பாக்குறான்' என்று அம்மா அதைச் சொல்வார். மற்ற மூன்று வயலிலும் எல்லாத் தட்டைக்கும் அந்த முழங்கை இருந்தது. இங்கே ஒன்றுக்கும் இல்லை. பாய் விரித்த மாதிரி நேராகக் கிடந்தன. முறிந்த இடம் வெளேரென்று இருந்தது. போதாக்குறைக்கு எல்லாம் வடக்கே தலை வைத்திருந்தன. முந்தின நாளோ அதற்கு முந்தின நாளோ யாரோ வரிசை வரிசையாக மிதித்துச் சாய்த்திருக்கிறார்கள்.

சாரைப் பார்த்தேன். அவரும் குனிந்து ஒரு தட்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். அவருக்கும் புரிந்துவிட்டது.

'ஆள் வைத்துச் சாய்த்தது' என்று குறிப்புக் கட்டத்தில் நான் எழுதினால், மோசடி என்று ஊர் முழுவதையும் தள்ளிவிடுவார்கள். அந்த அம்மாள் மேல் வழக்கும் வரும். இன்னொன்றும் எனக்குத் தெரியும், அது அதைவிடக் கொடுமை. இப்படிச் சாய்த்ததில் ஒரு பிரயோசனமும் இல்லை. மணி முற்றிய பிறகு தட்டையை மிதித்தால் என்ன, வெட்டினால் என்ன, எடை அப்படியே இருக்கும். நாங்கள் நிறுப்பது மணியை.

வெள்ளைச் சட்டைக்காரர் வரப்பிலிருந்தே கேட்டார். "மேடம், இதுவும் அன்னைக்கு அடிச்ச காத்துலதான் விழுந்துச்சா?"

என் வாய் திறந்தது. என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அதற்குள் சார் பையிலிருந்து சங்கிலியை எடுத்து உதறினார்.

"நாம வந்தது எடை போடங்க. எடை போடுவோம்."

கன்னிமூலையில் நின்றோம். நீளவாக்கில் நடந்தோம். அகலவாக்கில் நடந்தோம். முளை அடித்தோம். ஒவ்வொரு தட்டையாக வேர் பார்த்து ஒடித்தோம். உரித்த கதிர்கள் தடித்தடியாக, மணி பிதுங்கிக்கொண்டு இருந்தன. உரிக்க உரிக்க, வரப்பில் இருந்தவர்களின் முகம் மாறிக்கொண்டே வந்தது. விழுந்து கிடந்த பயிரில் இப்படி மணியா என்று அவர்களுக்குள் முணுமுணுப்பு. தராசில் ஏற்றினோம். மற்ற மூன்றையும் சேர்த்தால் வருகிற அளவுக்கு இது ஒன்றே இருந்தது. சார் உரக்கப் படித்தார், நான் எழுதினேன். குறிப்புக் கட்டத்தில், 'பரிசோதனை நாளில் பயிர் சாய்ந்த நிலையில் இருந்தது' என்று எழுதிக் காட்டினேன். சார் வெகுநேரம் அதைப் பார்த்தார். பிறகு கையெழுத்துப் போட்டார். அதில் பொய் இல்லை. முழு உண்மையும் இல்லை. என் பணிக்காலத்தில் நான் அப்படி எழுதிய ஒரே வரி அதுதான்.

கூட்டம் கலைந்த பிறகு தனக்கோடி ஒரு செம்பில் தண்ணீர் கொண்டு வந்தார். சார் வாங்கிக் குடித்தார். குடித்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, அவருக்கே உரிய முறையில் நேராகக் கேட்டார்.

"சாய்ச்சா எடை கொறையும்னு ஒங்களுக்கு யாரும்மா சொன்னது?"

அந்த அம்மாள் பதறுவார், மறுப்பார், காலில் விழுவார் என்று நினைத்தேன். அவர் செம்பை வாங்கிக் கவிழ்த்தார்.

"எடை கொறையாதுன்னு எனக்குத் தெரியாதுங்களா சார்? பொறந்ததுலேந்து சோளம் போடுறவ நானு. நானும் எங்க வூட்டுக்காரருந்தான் மிதிச்சோம். எல்லாரு காடும் கெடக்கையில எங்க காடு மட்டும் நின்னுச்சுன்னா, நாளைக்கு பணம் வரலேன்னா, அது எங்களாலன்னு ஆயிரும். ஒரு நல்லது கெட்டதுக்கு எங்க வாசப்படி யாரு ஏறுவா? ராத்திரிக் காத்துல போச்சுன்னு ஊருல சொல்லிட்டோம், இப்ப எல்லாரும் பாத்துட்டாங்க. எங்களுதும் விழுந்துருச்சு. அது போதுங்க."

சார் செருப்பை மாட்டிக்கொண்டு நடந்தார். ஜீப்பில் ஏறிப் பாதி வழி வந்த பிறகுதான் வாயைத் திறந்தார். "நாம அந்தம்மாவ ஏமாளின்னு நெனச்சோம் பாருங்க" என்றார். எனக்கு வெட்கமாக இருந்தது. டீக்கடை முன்னால் நான் சொன்ன சொல்லை அவரிடம் சொன்னேன். "விழுந்தா விழுந்ததுன்னு எழுதுவேன்னு நாந்தான் சார் சொன்னேன்." அவர் திரும்பிப் பார்த்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். அவர் திட்டவில்லை.

பல மாதம் கழித்து முடிவு வந்தது. அந்த ஊருக்குக் காப்பீடு இல்லை. பக்கத்து ஊர்களுக்கு உண்டு. முந்தின வறட்சி வருடங்களால் ஊரின் பழைய விளைச்சலே குறைவு; நான்கின் சராசரி காப்பீட்டு வரம்புக்குக் கொஞ்சம் மேலே போய்விட்டது. விதிப்படி சரிதான். எனக்கு மனசு ஆறவில்லை. நான்கில் ஒன்று என்று எங்கள் எண் அந்த மேட்டு மறைவில் போய் விழுந்தது. ஊரிலோ பத்தில் ஒன்றுகூட நிற்கவில்லை. குலுக்கலுக்குக் கண் கிடையாது, அதனால்தான் அது நியாயமானது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்தார்கள். கண் இல்லாததால் அநியாயமும் நடக்கும் என்பதை வயல்தான் சொல்லிக்கொடுத்தது. முப்பது வருடம் அந்த முறையை நம்பி வேலை பார்த்தேன். இன்றும் அதைவிட நல்ல முறை எனக்குத் தெரியாது. ஆனாலும் அந்த ஊரின் பெயர் பட்டியலில் இல்லாததைப் பார்த்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

அடுத்த போகத்துக்கு வயல் குறிக்க நான் அந்த ஊருக்குப் போகவேண்டி வந்தது. மொபெட்டை நிறுத்துவதற்குள் கூட்டம் கூடிவிட்டது. "விழுந்து கெடந்த சோளத்துக்கு மூட்ட மூட்டயா எடை எழுதினவ இவதான்" என்று ஒருவர் கத்தினார். "கம்பெனிக்காரன் என்னம்மா குடுத்தான் ஒனக்கு?" என்றார் இன்னொருவர். அந்தக் கேள்வி என்னைச் சுட்டது. லஞ்சம் வாங்காதவர்கள் என்ற பெயரைக் காப்பாற்றத்தானே அத்தனை வெயிலில் தண்ணீர் குடிக்காமல் நின்றோம்! கோபம் தலைக்கு ஏறியது. ஒரு வாக்கியம் சொன்னால் போதும், மொத்தக் கூட்டமும் வேறு பக்கம் திரும்பிவிடும். அந்த வாக்கியம் நாக்கு நுனியில் இருந்தது.

அப்போது கூட்டத்தை விலக்கிக்கொண்டு தனக்கோடி முன்னால் வந்தார். தலைமுடி அவிழ்ந்திருந்தது. எல்லோரையும்விடப் பெரிய குரலில் கத்தினார்.

"நீங்களே சொல்லுங்க மேடம், இத்தினி பேரு முன்னால சொல்லுங்க. எங்காடு அன்னைக்கு விழுந்து கெடந்துச்சா, இல்லியா?"

கூட்டம் அடங்கிவிட்டது. எல்லோரும் என் முகத்தையே பார்த்தார்கள். அவரும் பார்த்தார். கத்திய வாய் திறந்தபடி இருந்தது. கண் மட்டும் கத்தவில்லை, அது என்னைக் கெஞ்சிக்கொண்டிருந்தது.

"கெடந்துச்சும்மா" என்றேன். "விழுந்துதான் கெடந்துச்சு."

"அப்புறம் எப்பிடிடி எடை வந்துச்சு?" என்று யாரோ பின்னாலிருந்து கேட்டார்கள். ஊர் முழுக்க ஒரே நேரத்தில் கத்தத் தொடங்கியது. என் முந்தானையில் மண் வந்து விழுந்தது. நான் பதில் சொல்லாமல் வண்டியைத் திருப்பினேன். அத்தனை குரலில் தனக்கோடியின் குரல் மட்டும் அதற்குப் பிறகு கேட்கவில்லை.